கடம்பாவா, ஓட்டுக் கணவாயா? முதுகைத் தொட்டால் தெரியும்!

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்குக் ‘கடம்பா’ தெரியாமல் இருக்காது. ஆனால், இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு உயிர்கள் விற்பனைக்கு வருவதுண்டு. தென் மாவட்டங்களில் பெயரிலேயே பிரித்துவிடுகிறார்கள்: ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய்.

அடையாளம் காண்பது சுலபம். முதுகை விரலால் அழுத்துங்கள். பலகைபோலக் கெட்டியாக இருந்தால் ஓட்டுக் கணவாய். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் குழந்தைகள் பொறுக்கி வருவதும், கிளிக்கூண்டில் தொங்குவதும் அந்த ஓடுதான். இதன் துடுப்பு, பாவாடைக் கரை மாதிரி உடலைச் சுற்றி ஓடும்.

மெத்தென்று அமுங்கினால் ஊசிக் கணவாய். உள்ளே கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தகடு ஒன்றுதான். உடல் குழாய்போல நீளம். பின்பாதியில் மட்டும் சாய்சதுரத் துடுப்பு.

நம் கடலில் அதிகம் கிடைப்பது ‘இந்திய ஊசிக் கணவாய்’. 8 கைகள், இரையைப் பிடிக்க 2 நீண்ட கரங்கள், 3 இதயங்கள், நீல ரத்தம்! இதன் அறிவியல் பெயர் யூரோட்யூதிஸ் டுவோசெலி. 1818-ல் கல்கத்தா வந்து உயிரினங்களைச் சேகரித்த பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரட் டுவோசெலின் பெயர் அது. அவர் 1824-ல் இறந்தது நம் மதராஸில்தான். 1835-ல் இந்தக் கணவாய்க்கு அவர் பெயர் வந்தது.

இதைக் கரையோர அலையில் தேடாதீர்கள். பெரும்பாலும் 30 முதல் 170 மீட்டர் வரை ஆழமுள்ள கடலில் இருக்கும். பகலில் தரையை ஒட்டிக் கூட்டமாகத் திரியும்; இரவில் இரை தேடி மேலே வரும். வழவழப்பான, விரல் போன்ற பைகளில் முட்டையிட்டுக் கடல்தரையில் ஒட்டிவைக்கும்.

இதன் ஆயுள் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான். மற்ற பல மீன்களைப் போல் அல்லாமல், இந்த வருடம் தவறினால் அடுத்த வருடம் முட்டையிட மூத்த தலைமுறை மிச்சமிருக்காது. தரையை வாரிச் செல்லும் இழுவை வலை, முட்டைகளையும் சேர்த்தே வாரிவிடும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பது, கடலுக்கு இப்படியொரு மூச்சுவிடும் அவகாசம் தரத்தான். அப்போது விலை ஏறினால் கடைக்கார அக்காவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கும்போது தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகிறதா, சதை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். சதையில் ரோஸ் நிறம் பரவியிருந்தால் பழசு. வளையமாக நறுக்கியதைவிட முழுசாக வாங்கி, அங்கேயே சுத்தம் செய்யச் சொல்வது நல்லது. பொடிக் குஞ்சுகளை விட்டுவிடுங்கள்.

வாணலியில் 2 நிமிடம் போதும். அதைத் தாண்டினால் ரப்பர்தான். பிறகு அரை மணிக்கு மேல் வேகவிட்டால்தான் மறுபடி மெத்தென்றாகும்!