சமையலுக்குத்தானே!

சென்ற மாசியில், புனேயில் கேட்டரிங் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே, "அப்பா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சிவப்பு ஒயினில் வேகவைத்த கோழியும், பீர் விட்டுக் கரைத்த மாவில் பொரித்த மீனும் செய்கிறேன்" என்றாள்.

"ஏம்மா, நாம் இருப்பது அகமதாபாத் என்பது மறந்துவிட்டதா?" என்றேன்.

"சமையலுக்குத்தானே அப்பா! கொதிக்கும்போது ஆவியாகிப் போய்விடுமே" என்றாள். வாபியில் இருக்கும் என் மைத்துனனுக்கு இந்தப் பேச்சு எப்படியோ எட்டிவிட்டது. "அத்தான், டாமன் பக்கத்தில்தானே இருக்கிறது? வரும்போது காரில் இரண்டு பாட்டில் போட்டுக்கொண்டு வருகிறேன்" என்று போன் செய்தான்.

மணிநகரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த "சமையலுக்குத்தானே" என்ற சொல்லை நம்மவர் வீடுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம். 1949-ம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம்தான் 1960-ல் குஜராத் பிறந்தது முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. குடிப்பது மட்டுமல்ல, பர்மிட் இல்லாமல் வாங்குவதும், வைத்திருப்பதும், கொண்டு வருவதும் குற்றமே. பாட்டில் வாய்க்குப் போகிறதா, வாணலிக்குப் போகிறதா என்று சோதனைச் சாவடியில் யாரும் கேட்கப்போவதில்லை. குடிக்கத் தகாத எசென்ஸ், மருந்து போன்றவற்றுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஒயினுக்கும் பீருக்கும் அந்த விலக்கு இல்லை. 2023 டிசம்பரில் கொடுத்த தளர்வும் காந்திநகர் அருகே உள்ள கிஃப்ட் சிட்டிக்கு மட்டும்தான். மணிநகர் அடுப்படிக்கு அல்ல.

இரண்டாவது, ஆவியாகிப் போகும் கதை. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் குழம்பில் கலந்தபின் அது அவ்வளவு சுலபமாக விட்டுப் போவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த பிறகும் 40 சதவீதம் மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம். போதை தரும் அளவு இல்லைதான். ஆனாலும் "ஒன்றுமே இல்லை" என்று சொல்வது பொய்.

இந்தப் பொய்தான் என் மனைவியை உறுத்தியது. நாங்கள் கூப்பிட நினைத்தவர்களில் ஒருவர், பெரும்பாடுபட்டுக் குடியை விட்டு எட்டு வருடமாகிறது. "அவர் இலையில் என்ன சொல்லிப் பரிமாறுவாய்?" என்று மகளிடம் கேட்டாள். அதற்கு எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. மைத்துனனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மதுவிலக்கு குறையே இல்லாதது என்று நான் வாதாடவில்லை. 2009-ல் இதே அகமதாபாத்தில் கள்ளச்சாராயம் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியதைப் பார்த்தவன் நான். சட்டம் மாற வேண்டும் என்று நினைப்பவர்கள் வெளிப்படையாகக் கேட்கட்டும். பிழைக்க வந்த இடத்தில், டிக்கியில் ஒளித்துக் கொண்டுவந்து விருந்து வைப்பது நமக்கு அழகல்ல.

நாகர்கோவிலில் என் அம்மா ஆப்ப மாவுக்குக் கள் சேர்ப்பாள். 1987-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்ததும், இளநீரில் சிறிது சர்க்கரை போட்டு இரவு முழுவதும் புளிக்கவைத்து ஊற்றினாள். சில நாள் முணுமுணுத்தோம்; பிறகு அதுவே எங்கள் வீட்டு ஆப்பம் ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும் மகள் யோசித்தாள். பீர் மாவை மொறுமொறுப்பாக்குவதில் அதன் நுரைக்குப் பெரும் பங்கு உண்டாம். அதற்குப் பதிலாக நன்றாகக் குளிர்ந்த சோடாவில் மைதாவும் அரிசி மாவும் கரைத்தாள். ஒயினுக்குப் பதிலாக நாசிக் கறுப்புத் திராட்சையைப் பிழிந்து, புளிப்புக்கு ஒரு கரண்டி வினிகர் சேர்த்தாள். மீன் பிரமாதம். கோழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "அசல் ருசி இது இல்லை அப்பா" என்று அவளே ஒப்புக்கொண்டாள். இருக்கட்டுமே! அந்த நண்பர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னென்ன சேர்த்தாய் என்று அவர் கேட்டபோது, அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாக்களுக்கு வீட்டிலிருந்து கேக்கோ வேறு பலகாரமோ கொண்டுவரும்போது, அதில் சேர்ந்தவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். எழுதத் தயங்குகிற பொருள் எதுவானாலும், அதைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.