ஈர்ப்பு எழாததும் இயல்புதான்

கல்யாணப் பேச்சை எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுகிறாள் என்றால், சுற்றத்தார் இரண்டே காரணம்தான் தேடுவார்கள்: ரகசியக் காதல், இல்லாவிட்டால் ஏதோ நோய். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. யார் மீதும் பாலியல் ஈர்ப்பு எழாதவர்களை ஏசெக்சுவல் என்கிறார்கள். பிரம்மச்சரியம் ஒருவர் எடுக்கும் முடிவு. இதுவோ ஒருவர் தேர்ந்தெடுக்காத ஓர் இயல்பு.

கனடா உளவியலாளர் ஆண்டனி போகார்ட், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2004-இல் எழுதினார். ஏறக்குறைய 1 சதவீதத்தினர் தங்களுக்கு அப்படி ஈர்ப்பே வந்ததில்லை என்று சொல்லியிருந்தார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும், தன்னை ஏசெக்சுவல் என்று அறிந்தவருக்கு ஆசைக் குறைபாடு என்று நோய்ப்பெயர் சூட்டுவதில்லை.

இவர்களில் பலர் காதலிக்கவும் செய்கிறார்கள். கைகோத்து நடக்க, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட, காய்ச்சலில் பக்கத்தில் ஒருவர் இருக்க ஆசைப்படுகிறார்கள். காதலும் தோன்றாதவர் ஏரோமாண்டிக். மனம் நெருங்கிய பிறகே ஈர்ப்பு வருபவர் டெமிசெக்சுவல்.

'கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது இவர்களுக்குச் சொல்லக்கூடிய ஆகக் கொடிய அறிவுரை. அதில் வதைபடுவது இரண்டு பேர். முதலிரவுக்குப் பின் மருத்துவரிடமும், பிறகு நீதிமன்றத்துக்கும் இழுத்துச் செல்வதைவிட, பெண் பார்க்கப் போகும் முன்பே பிள்ளையிடம் மனம்விட்டுக் கேட்கலாம்.