இரு மடங்கு ஆபத்து: எதன் இரு மடங்கு?

கருத்தடைக் குளிசை உட்கொள்ளும் பெண்களுக்குக் குருதி உறையும் ஆபத்து "இரு மடங்கு" என்ற செய்தி, சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை பத்திரிகைகளில் தலைகாட்டுவதுண்டு. இத்தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையுடன் கேட்கிறேன்: எதன் இரு மடங்கு? இதற்கு விடை தராத செய்தி அறிவூட்டல் அல்ல, அச்சுறுத்தல்.

1995 ஒக்டோபர் 18ஆம் திகதி பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் என்னும் ஓமோன்களைக் கொண்ட புதிய குளிசைகளால் குருதி உறையும் ஆபத்து, பழைய குளிசைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதே அதன் சாரம். மருத்துவரைக் கேளாமல் குளிசையை நிறுத்த வேண்டாம் என்றும் குழு கூறியிருந்தது. ஆனால் பல மருத்துவர்களின் கைக்குக் கடிதம் கிட்டுமுன்னரே செய்தி வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. "இரு மடங்கு" தலைப்பாயிற்று; மற்றவை காணாமற் போயின.

அன்றைய கணக்கைப் பாருங்கள். ஓராண்டில், குளிசை உட்கொள்ளாத 100,000 பெண்களில் ஏறக்குறைய 5 பேருக்குக் குருதி உறைவு ஏற்படும். பழைய குளிசை உட்கொள்வோரில் 15 பேர், புதியதில் 25 பேர். கருவுற்ற 100,000 பெண்களிலோ 60 பேர்! இந்த 60 எந்தத் தலைப்பில் வந்தது?

பெண்கள் அஞ்சிக் குளிசையைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் மேலதிகமாக நிகழ்ந்தன என மதிப்பிடப்பட்டது. ஆபத்தைத் தவிர்க்க எண்ணியவர்கள் அதனிலும் பெரிய ஆபத்தினுள் தள்ளப்பட்டார்கள். தள்ளியதில் எம் தொழிலுக்குப் பங்கில்லை என்று யார் சொல்வார்?

அப்படியாயின் மூடிமறைப்பதா? அதுவும் நடந்து பார்த்த கதைதான். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதிக்கப்பட்ட எனோவிட் குளிசையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரஜன் இருந்தது. இன்றைய கூட்டுக் குளிசைகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 வரையே. 1970இல் செனட்டர் கேலோர்ட் நெல்சன் நடத்திய விசாரணைக்கு, அக்குளிசையை விழுங்கிய பெண்களில் ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கூச்சலிட்டனர். அவ்வாண்டிலேயே குளிசைப் பெட்டியுள் எச்சரிக்கைத் துண்டு வைக்கும் கட்டளை பிறந்தது. கூச்சலிட்டவர்கள் கேட்டது தகவலை, பீதியை அல்ல.

ஆபத்து மெய்யே. 2013இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் மீளாய்ந்து தந்த எண்கள் முந்தியவற்றிலும் கூடியவை: ஓராண்டில் 10,000 பெண்களில், உட்கொள்ளாதோர் 2 பேர், பழைய குளிசையினர் 5 முதல் 7 பேர், டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் குளிசையினர் 9 முதல் 12 பேர். இவற்றை அச்சிட ஆறு வரி போதும். இடமில்லை என்பவர்கள் தமது சினிமாப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அந்த ஆறு வரியுடன் இன்னும் நான்கு வரி சேர்க்கட்டும். 35 வயது கடந்தும் புகைப்பவர், உயர் குருதி அமுக்கம் உள்ளவர், கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர், முன்னர் குருதி உறைவு கண்டவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை பொதுவாக உகந்ததன்று. அவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. எவராயினும், ஒரு கால் மட்டும் வீங்கி நோகுமானால், திடீரென மூச்சுத் திணறி மார்பு வலித்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.