புல்தரையா, புங்கமரமா?

பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலர் ஓசூர், சந்தாபுரம், ஆனேக்கல் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வீடு முடிந்த கையோடு செய்கிற ஒரு வேலைதான் எனக்கு ஒப்பவில்லை. பாறையும் செம்மண்ணுமாக இருக்கிற இடத்தில் லாரி லாரியாக வேறு மண்ணைக் கொட்டி, அதன்மேல் கொரியன் புல்லைப் பாய் விரிப்பதுபோல் விரிக்கிறார்கள். ஓரத்தில் குரோட்டன்ஸ்.

கணக்குப் போட்டே பழகியவன் நான். கோடையில் புல் பச்சையாக இருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர அடிக்கு அது 46 லிட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய 1,400 லிட்டர். ஒரு சின்ன அறையின் அளவுக்கே இவ்வளவு. பெங்களூர் நகருக்குள் குழாயில் வருவது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றிய காவிரி. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. காவிரி என்றதும் கொதித்துப் பேசுகிற நாமே அதைப் புல்லுக்குப் பாய்ச்சலாமா? நகருக்கு வெளியே போனால் ஆழ்துளைக் கிணறு. அது வற்றினால் டேங்கர்.

பாறையில் வேறென்ன வளரும் என்று கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல், தண்டவாளத்து ஜல்லியில் முளைத்ததைப் பிடுங்கச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது வரும் என்று எங்கள் கேங்மேன்களுக்குத் தெரிந்த அளவு எந்த நர்சரிக்காரருக்கும் தெரியாது. ஜோலார்பேட்டையிலிருந்து பங்காரப்பேட்டை வருகிற வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஆவாரை, விராலி, நொச்சி, சீதா, புங்கன், வேம்பு. இவற்றுக்கு யார் ஹோஸ் பிடித்தார்கள்? ரயில் கற்றாழைக்கு அந்தப் பெயர் வந்ததே, வெள்ளைக்காரன் காலத்தில் மாடு நுழையாமலிருக்க அதை லைன் ஓரம் வேலியாக வைத்ததால்தான். அமெரிக்காக் கண்டத்துச் செடி. இன்று அதையே பீங்கான் தொட்டியில் வைத்து, கேட்டால் மயக்கம் வருகிற விலை சொல்கிறார்கள்! முள் நுனி கூர்மையானது. குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

செடி வாங்குமுன் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஓர் அடியில் 'டங்' என்றால் அங்கே கற்றாழை, பிரண்டை, ஆவாரை. இரண்டு மூன்று அடி இறங்கினால் சீதா, நொச்சி, கறிவேப்பிலை. வேலிக்கு விராலி, ஆடு மாடு வாய் வைக்காது. பாறை உளுத்துப் போய், வேர் இறங்க வெடிப்பு இருந்தால் தயங்காமல் புங்கன் வையுங்கள். கன்னடக்காரர்கள் ஹொங்கெ என்பார்கள். வெயில் ஏறுகிற சமயத்தில்தான் அது புதுத்தளிர் விட்டு நிழல் தரும். அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம். மதியம் இரண்டு மணிக்குப் புல்தரையில் யார் உட்காருகிறார்கள்?

வறட்சியைத் தாங்குகிறது என்பதற்காக எதையும் கொண்டுவந்து நட்டுவிடக் கூடாது. சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் தாங்கும். பிறகு நம்மைத்தான் வெளியே தள்ளும். ஆல், அரசு கோயிலுக்கு அழகு. காம்பவுண்டுச் சுவர் பக்கம் வைத்தால் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும். அரளி நன்றாகப் பூக்கும், ஆனால் முழுக்க விஷம். பேரக்குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜூன் மழையில் நட்டால், செப்டம்பர், அக்டோபர் மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். அடுத்த கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள். மனையில் பொறுக்கிய கல்லை வெளியே எறியாமல் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். சருகைக் கொளுத்த வேண்டாம், அதையும் அங்கேயே போடலாம்.

"பார்க்கக் காடு மாதிரி இருக்குமே சார்" என்றார் ஒரு நண்பர். இருக்கட்டுமே! எங்கள் நீலசந்திராவில் ஒரு பகுதிக்கே ரோஸ் கார்டன் என்று பெயர். அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான், ரோஜாவுக்கு இடமில்லை. மண் உள்ளவர்கள் வைக்கட்டும்.

என் வீட்டு வாசலில் மூன்றடி அகலத்தில் நொச்சியும் பிரண்டையும் இருக்கின்றன. வேண்டும் அன்பர்கள் முதல் மழைக்குப் பிறகு வந்து, கம்பு ஒடித்துக்கொண்டு போகலாம். விலாசம் சங்க அலுவலகத்தில் கிடைக்கும்.