வெட்கப்பட வேண்டியவர் யார்?

சிறுநீர் உபாதையைப் பற்றியெல்லாம் இத்தகைய இதழில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச்சுளிப்பைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் நம் சகோதர சகோதரியர் பலரைச் சிறுநீர்ப் பாதைத் தொற்று வாட்டுகிறது. எரிச்சலும் அடிவயிற்று வலியுமாகத் தொடங்கும் அது, கவனியாது விட்டால் சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்காய்ச்சலாக மாறும். பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவே. சிறுநீர்த் தாரை குறுகியதாய் இருப்பதால் பெண்களை இது எளிதில் பற்றுகிறது. பச்சிளங்குழந்தைக்கும் வரும், துறவறத்தாருக்கும் வரும். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு இன்னும் எளிதாக வரும். அவ்வளவே.

ஆனால் நம்மவர் தீர்ப்போ வேறு. இடுப்புக்குக் கீழே நோயென்றால் அது பாவத்தின் பலன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கணவனால் கிருமி தொற்றிய மனைவியையும் நாம் விட்டுவைப்பதில்லை. விளைவு என்ன? அவள் மருத்துவரிடம் வாய் திறக்க அஞ்சுகிறாள். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி, வலி தணிந்ததும் நிறுத்திவிடுகிறாள். எதிர்ப்பாற்றல் குறைந்தோர் பலர் தடுப்புக்காகக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை நாள்தோறும் உண்பவர்கள். அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியா அவர்கள் உடலில் வளர்ந்திருக்கக்கூடும். ஆகவே சிறுநீரைக் கல்ச்சர் சோதனை செய்து, அதற்கேற்ற மருந்தைத் தருவதே முறை. கூட்டு மருந்திலுள்ள டெனோஃபோவிர் சிலருடைய சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவ்வுறுப்பைக் காப்பது இருமடங்கு தேவையாகிறது. இவையனைத்துக்கும் குறுக்கே நிற்பது கிருமியன்று, நம் நாக்கு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தரத் தொடங்கியது. 2017இல் இயற்றப்பட்ட சட்டம் இவர்களைப் பாகுபடுத்துவதைத் தடை செய்தது. சட்டம் கற்றுக்கொண்ட அறத்தை நற்செய்தியைக் கையில் ஏந்திய நாம் இன்னும் கற்கவில்லையென்றால், அது யாருக்கு இழுக்கு?

உடலில் மதிப்புக் குறைந்தவையாய் நாம் எண்ணும் உறுப்புகளுக்கே கூடுதல் மதிப்பளிக்கிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதினார் பவுலடியார். அந்த உவமையைத் திருச்சபைக்குப் பொருத்திப் போதிக்கிறோம். உடலுக்குப் பொருத்த ஏன் கூசுகிறோம்? பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கை மறைத்து வாழ்ந்த பெண்ணிடம் ஆண்டவர் அவளது ஒழுக்கத்தை விசாரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை மகளே என்று அழைத்தார்.

"இப்படிப் பேசினால் ஒழுக்கம் தளர்ந்துவிடாதா?" என்பர் சிலர். திருச்சபையின் ஒழுக்கப் போதனை அப்படியே நிற்கிறது. நோயாளியை வதைத்துத்தான் அதைக் காக்க முடியும் என்பது எந்த மறைக்கல்வியிலும் இல்லை.

பங்குப் பேரவைகள் உடனே செய்யக்கூடியவை உண்டு. ஆலய வளாகத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள பெண்கள் கழிவறை வேண்டும். அது இல்லாததால் திருவிழா நாள் முழுதும் தண்ணீர் குடியாமல் அடக்கிக்கொள்வோர் எத்தனை பேர்! மருத்துவ முகாம்களில் சிறுநீர்ச் சோதனை இடம்பெறட்டும். அன்பியக் கூட்டங்களில் கிசுகிசுப்புக்கு இடம் இல்லாதிருக்கட்டும். கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், இவற்றைத் தள்ளக்கூடாது.