பெரியப்பாவும் தரகரும்



கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்து, "மாப்பிள்ளை தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று சொன்னால், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு நாலு இடத்தில் விசாரிக்கிறோம். தரகர் மேல் நமக்குக் கோபம் ஒன்றுமில்லை. தரகு வாங்குகிறவர் அப்படித்தான் சொல்வார் என்பது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதே வார்த்தையைச் சொந்தப் பெரியப்பா சொன்னால், விசாரிக்காமலே தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். அந்தப் பெரியப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைவாகத் தரகு வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரியவந்தால் மனம் எப்படிப் பதறும்!

நான் ஒருமுறை அந்தப் பெரியப்பாவாக இருந்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச எனக்கு யோக்கியதை உண்டு.

2012-ஆம் ஆண்டு நம் சங்கத்து ஆண்டு மலர் வேலைகளில் நானும் ஒருவன். அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய பணத்தில் துண்டு விழுந்திருந்தது. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் வீட்டுமனை விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் மும்பைக்கு வந்தார். முழுப்பக்க விளம்பரம் கேட்டோம். "விளம்பரம் வேண்டாம் சார். உங்கள் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதுங்கள். விளம்பரக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு தருகிறோம்" என்றார். நான் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவர்களுடைய காரிலேயே மனையைக் காட்டினார்கள். ஓய்வுபெற்றபின் சொந்த மண்ணில் ஒரு வீடு என்ற நம் எல்லோருடைய ஆசையையும் குழைத்து இரண்டு பக்கம் எழுதினேன். பணம் முழுவதும் சங்கக் கணக்கில்தான் சேர்ந்தது. ஒரு பைசா நான் தொடவில்லை. அதனாலேயே அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கட்டடத்தில் குடியிருந்த, திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அந்த மலரைப் படித்தார். ஆலையில் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பிராவிடண்ட் பண்டுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு அங்கே ஒரு மனை வாங்கினார். மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் கிடையாது என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. வரும் தை மாதம் மகள் கல்யாணம் என்று அண்ணாச்சி மனையை விற்க அலைந்துகொண்டிருந்த நேரம் அது. விற்க முடியவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, விளம்பரம்னு போட்டிருந்தா நாலு பேருகிட்ட விசாரிச்சிருப்பேன். நீங்க எழுதியிருந்தீங்க. அதனால கேக்கல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் கட்டுரையை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சாலை இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, பள்ளிக்கூடமும் பக்கத்தில்தான். இல்லாதது ஒரே ஒரு வாக்கியம்: "இதை எழுதப் பணம் பெறப்பட்டிருக்கிறது." வள்ளுவர் வாய்மைக்கென்று தனி அதிகாரம் வைத்து, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று எதற்காக வரையறுத்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இது என் ஒருவனுடைய சிறிய தவறு மட்டுமல்ல. 2009-இல் நம் மகாராஷ்டிர மாநிலச் சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே தலைவரைப் புகழும் கட்டுரை, வரி மாறாமல், வெவ்வேறு பத்திரிகைகளில் செய்தியாக வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 'தி இந்து'வில் எடுத்துக்காட்டினார். பிரஸ் கவுன்சில் இருவர் குழு அமைத்து ஆராய்ந்தது. 2010-இல் கவுன்சில் சுருக்கமான அறிக்கையைத்தான் வெளியிட்டது. குழுவின் முழு அறிக்கை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் தயவால் 2011-இல் வெளியே வந்தது. அதே 2011-இல், காசு கொடுத்துப் போட்ட செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. வாசகனின் நம்பிக்கை விற்பனைச் சரக்காகிவிட்டால் வீட்டுமனையும் விலைபோகும், ஓட்டும் விலைபோகும்.

இன்று இந்த வியாபாரம் கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. நம் வீட்டுப் பெண் மாதிரி ஒருத்தி சமையலறையில் நின்று, "நான் இந்த எண்ணெயைத்தான் வாங்குவேன்" என்கிறாள். வாங்குகிறாளா, அவளுக்குக் கொடுக்கிறார்களா என்பது யாருக்குத் தெரியும்? இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் விதிகளை வெளியிட்டது. பரிந்துரைப்பவர் பணமோ பரிசோ இலவசப் பயணமோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் சங்கப் பத்திரிகையின் வாசலில் எந்த அதிகாரியும் வந்து நிற்கப்போவதில்லை. இங்கே நமக்கு நாமேதான் காவல்.

"காசு வாங்குவதே பாவமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. பாடகருக்குச் சன்மானம் கொடுக்கிறோம். விளம்பரதாரர்கள் இல்லாவிட்டால் இந்த இதழே இல்லை. தரகர் கௌரவமானவர்தான், தரகர் என்று தெரிகிறவரையில். "விளம்பரம் என்று போட்டால் யாரும் பணம் தரமாட்டார்களே" என்பது அடுத்த கேள்வி. சிந்தித்துப் பாருங்கள். மேலே அந்த ஒரு சொல் வந்தால் பணம் வராது என்றால், அவர்கள் வாங்க வந்தது நம் பக்கத்தை அல்ல, உங்கள் நம்பிக்கையை. அது நமக்குச் சொந்தமான பொருளே அல்ல; நாம் எப்படி அதை விற்பது?

பத்திரிகைக் குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. பணம் பெற்று வெளியிடும் எதற்கும் மேலே 'விளம்பரம்' என்று, தலைப்பின் அளவிலேயே தமிழில் அச்சிடவேண்டும். அதன்கீழ் உறுப்பினர் எவர் பெயரும் கூடாது. நிலம், வைப்புநிதி, மருந்து இம்மூன்றைப் பற்றிப் பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடுவதே கூடாது. வெறும் விளம்பரமாக வந்தால் வரட்டும். அச்சுக்கூலிக்குத் துண்டு விழுந்தால் உறுப்பினர்களாகிய நம்மிடமே கேட்கட்டும். பிறந்த ஊரை விட்டு வந்து, தமிழில் அச்சாகியிருக்கிறது என்பதற்காகவே நம்பிப் படிக்கிறவர்கள் நாம். அந்த நம்பிக்கைக்காக ஆளுக்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தரமாட்டோமா?

கடைசியாக ஒன்று. அந்த 2012 மலர் உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது கிடந்தால், தயவுசெய்து எடுத்து, என் கட்டுரையின் தலைப்புக்கு மேல் பேனாவால் 'விளம்பரம்' என்று எழுதிவிடுங்கள். என் பிரதியில் நான் எழுதிவிட்டேன்.