சோற்றின் மீது பழி

சோறுதான் வண்டியை வளர்த்தது என்று மில்லிக்கன் வாழ் அன்பர் பலர் குறைபட்டுக் கொள்கின்றனர். யாழ்ப்பாணத்திலும் சோறும் பிட்டும் உண்டவர்கள்தாமே நாம்? 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் அற்றுப்போக, இளம் ஆசிரியனாகிய நான் நாள்தோறும் பத்து மைல் சைக்கிள் மிதித்தேன். இங்கோ வீட்டு வாசலில் காரேறிக் கடை வாசலில் இறங்குகிறேன். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

இரவு வேலை முடித்து வந்து, ஆறிய சோற்றைச் சூடாக்கி உண்டு, அப்படியே உறங்குபவரைச் சோம்பேறி என்று பழிப்பது தகாது. உறக்கம் குறையின் பசி மிகும். நடப்பதற்கு அவருக்கு நேரம் ஏது?

தெற்காசியருக்கு இன்னோர் இடரும் உண்டு. மெலிந்து தோன்றினும் வயிற்றினுள் கொழுப்புச் சேரும். நீரிழிவு முந்தி வரும். ஆதலினாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, உடற்திணிவுச் சுட்டி 25 ஆகும்வரை காத்திராது, ஆசியர் 23இலேயே விழிப்படைய வேண்டும் என 2004இல் அறிவித்தது. நம்மவருள் ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களினது 80 சென்ரிமீற்றரையும் எட்டலாகாது. அளப்பதற்குத் தையல் நாடா போதும். என்னுடையது 97.

சென்ற மாதம் முதல் மாலையில் மில்லிக்கன் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். பனிக்காலத்தில் பேரங்காடியினுள் நடக்கலாம் என்கிறார் மனைவி. அங்கே ரோல்ஸ் விற்கும் கடையைக் கடப்பதுதான் பெரும்பாடு.